நான்கு கிப்சன்களும் ஒரு பட்டுச் சேலையும்

(காஞ்சிபுரத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

உள்ளே வரும்போது வாசலில் நின்றிருந்த நாலைந்து பேரிடம், கிப்சன் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டேன். கிட்டார் என்றார்கள். ஒரு தம்பி மட்டும் சினிமா நடிகர் என்றார். தவறில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த நடிகரைப் பற்றி அல்ல. ஒரே பின்னொட்டுப் பெயரைச் சுமந்த நான்கு பேரைப் பற்றி. ஒருவர் வெள்ளைக்காரர், இசைக்கருவி செய்தவர். மற்ற மூவரும் கறுப்பினத்தவர், விளையாட்டு வீரர்கள். இவர்கள் ஒரு குடும்பத்தார் அல்ல. பெயர் மட்டும்தான் பொது. பெயரைப் பற்றி ரொம்பப் பேசிய மண் நம்முடையது. அதனால் இந்தக் கதை நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கிட்டார்காரர். ஆர்வில் கிப்சன் 1856-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் தனியாக உட்கார்ந்து மாண்டலினும் கிட்டாரும் செய்துகொண்டிருந்தார். வயலினுக்குச் செதுக்குவதுபோல மேற்பலகையை வளைவாகச் செதுக்குவது அவர் கொண்டுவந்த முறை. 1898-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1902-ல் ஐந்து முதலீட்டாளர்கள் சேர்ந்து நிறுவனம் ஆரம்பித்தபோது, அவருடைய காப்புரிமையையும் பெயரையும் 2,500 டாலருக்கு வாங்கினார்கள். கவனியுங்கள், பெயரையும் வாங்கினார்கள். சில வருடங்களில் அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒட்டும் உறவும் குறைந்துபோனது. மனநலம் பாதிக்கப்பட்டு, 1918-ல் மருத்துவமனையில் இறந்தார். இன்று நீங்கள் படங்களில் பார்க்கும் புகழ்பெற்ற லெஸ் பால் கிட்டார் சந்தைக்கு வந்தது 1952-ல். அதாவது அவர் செத்து 34 வருடம் கழித்து. அவர் கை படாத லட்சக்கணக்கான கிட்டார்களின் தலைப்பகுதியில் அவர் பெயர் இருக்கிறது.

அப்படியானால் கை யாருடையது? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆண்கள் போருக்குப் போய்விட, கலமசூ தொழிற்சாலையில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அந்த வருடங்களில் அவர்கள் செய்த கிட்டார்களுக்கு இன்று சேகரிப்பாளர்கள் மத்தியில் பெரும் மதிப்பு. ஆனால் அந்தப் பெண்களின் கதை வெளியே தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஓர் ஆய்வாளர் அவர்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்போய்ச் சந்தித்து எழுதிய பிறகுதான் தெரிந்தது. அந்த ஆய்வாளரின் பெயர் ஜான் தாமஸ்.

ஜான் தாமஸ் என்றதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்கிறேன். நம் பகுதித் தோழர்களுக்கு அந்தப் பெயர் வேறொருவருடையது. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் உயிரை விட்ட இருவர் ஜான் தாமஸும் ஏழுமலையும். இணையத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள். நம்முடைய ஜான் தாமஸைக் கண்டுபிடிக்க எத்தனை பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பெயர் இருந்தால் போதாது. எந்த ஏட்டில், எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்போது மற்ற மூன்று கிப்சன்களுக்கு வருகிறேன்.

ஆல்தியா கிப்சன் 1927-ல் தெற்கு கரோலினாவில் சில்வர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அம்மா பருத்திக்காட்டில் வாரத்துக்கு உழுதவர்கள். பிறகு குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க டென்னிஸ் என்றால் வெள்ளை உடை, வெள்ளைப் பந்து, வெள்ளை மனிதர்கள். கறுப்பினத்தவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்து, தனிப் போட்டி நடத்தினார்கள். அதில் ஆல்தியா 1947 முதல் 1956 வரை தொடர்ந்து பத்து முறை பட்டம் வென்றார். இரண்டு கறுப்பின மருத்துவர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் படிக்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1950-ல்தான் அமெரிக்க தேசியப் போட்டிக்குள் அவரை விட்டார்கள். அதுவும் ஆலிஸ் மார்பிள் என்ற முன்னாள் வெள்ளை வீராங்கனை, ஒரு டென்னிஸ் பத்திரிகையில் தன் இனத்தாரையே கடிந்து எழுதிய பிறகு. 1956-ல் பிரெஞ்சுப் பட்டம். டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான், ஆணிலும் பெண்ணிலும். 1957, 1958 இரண்டு வருடமும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றார்.

இந்தப் பெண் இந்தியாவுக்கு வந்திருக்கிறார், தெரியுமா? 1955-ன் கடைசியில் அமெரிக்க அரசு சில வீரர்களை நல்லெண்ணப் பயணம் என்று ஆசியாவுக்கு அனுப்பியது. அந்த வருடம் ஆகஸ்டில்தான் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. உலகமே காறித் துப்பியது. அந்தக் கறையைத் துடைக்க ஒரு கறுப்பு முகம் வேண்டியிருந்தது. சொந்த நாட்டில் பல கிளப்புகளின் உடை மாற்றும் அறைக்குள் விடப்படாத ஒருவரை நாட்டின் தூதராக்கி அனுப்பினார்கள். நமக்கு இது புதிதா? வருடத்தில் ஒரு நாள் அண்ணல் சிலைக்கு மாலை போட வருகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

1964-ல் கோல்ஃபுக்குப் போனார். பெண்களுக்கான தொழில்முறைச் சுற்றில் ஆடிய முதல் கறுப்பினப் பெண். அங்கேயும் சில கிளப்புகளில் கட்டடத்துக்குள் அனுமதி இல்லை. காரில் உட்கார்ந்து காலணி மாற்றிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். வாழ்வின் கடைசியில் வறுமை. அவருக்காகப் பணம் திரட்டியவர் ஆஞ்செலா பக்ஸ்டன், இங்கிலாந்தின் யூதப் பெண். இருவரும் பழகியது அந்த இந்தியப் பயணத்தின்போதுதான். யூதர் என்பதால் லண்டன் கிளப்புகளில் தள்ளிவைக்கப்பட்டவர் ஆஞ்செலா. தள்ளிவைக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து 1956-ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வாங்கினார்கள். ஆல்தியா 2003-ல் இறந்தார். நியூயார்க் டென்னிஸ் அரங்கில் அவருக்குச் சிலை வைத்தது 2019-ல். போன வருடமா அதற்கு முன்னா என்று குழம்ப வேண்டாம், 2025-ல் அமெரிக்கா அவர் முகம் போட்ட 25 சென்ட் நாணயம் வெளியிட்டது.

அடுத்தவர் ஜோஷ் கிப்சன். 1911-ல் ஜார்ஜியாவில் பிறந்த பேஸ்பால் வீரர். கேட்சர், நம்மூர் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. அமெரிக்கப் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லா முதலாளிகளும் கடைப்பிடித்தார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்க எந்த ஊரில் அரசாணை போட்டார்கள்? அதே கதை. அமெரிக்காவில் ஜோஷ் கடைசிவரை கறுப்பினத்தவர் லீக்கிலேயே ஆடினார். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு பெரிய லீக்கில் காலை வைத்தார். ஜோஷைப் புதைத்த இடத்தில் 1975 வரை பெயர் பொறித்த கல் கிடையாது. 28 வருடம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 மே மாதம் பெரிய லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான கறுப்பினத்தவர் லீக்குகளின் கணக்கைத் தன் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தது. சேர்த்ததும் ஏடே புரண்டுவிட்டது. வாழ்நாள் மட்டைச் சராசரியில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக முதலிடத்தில் இருந்தவர் டை காப் என்ற வெள்ளை வீரர். அவர் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். முதலிடத்தில் ஜோஷ் கிப்சன், .372. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 முறை அடித்து ஓடி இடம் பிடித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்து 77 வருடம் கழித்து ஒரு மனிதன் முதலிடத்துக்கு வருகிறான்.

அந்தக் கணக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். வெள்ளைப் பத்திரிகைகள் அந்த ஆட்டங்களைக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற, கறுப்பினத்தவர்கள் சொந்தமாக நடத்திய பத்திரிகைகள் ஆட்டக் கணக்கை அச்சிட்டு வைத்திருந்தன. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டி, ஒவ்வோர் ஆட்டமாக எழுதி எடுத்தார்கள். சொந்தப் பத்திரிகை இல்லாமல் போயிருந்தால் ஜோஷ் இன்றைக்கும் வெறும் வாய்வழிக் கதைதான்.

மூன்றாமவர் பாப் கிப்சன். இவரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெப்ராஸ்காவின் ஒமஹாவில் பிறந்து, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பந்து வீசியவர். ராபின்சன் கதவைத் திறந்து பத்து வருடம் ஆன பிறகு வந்தவர். அப்போதும் ஃபுளோரிடா பயிற்சி முகாமில் வெள்ளை ஆட்டக்காரர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. 1968-ல் ஒரு முழு ஆட்டத்துக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.12. அவரும் அந்த வருடத்தின் மற்ற பந்துவீச்சாளர்களும் மட்டைக்காரர்களைத் திணறடித்ததால், அடுத்த வருடமே பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஏகலைவன் கதையை ஞாபகப்படுத்துகிறீர்கள், புரிகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. மேட்டை எல்லோருக்கும் சேர்த்துக் குறைத்தார்கள். கட்டைவிரலை ஒருவனிடம் மட்டும்தான் கேட்டார்கள்.

சரி, இந்த மூவருக்கும் கிப்சன் என்ற பெயர் எப்படி வந்தது? அது கில்பர்ட்டின் மகன் என்ற பொருள் கொண்ட பிரிட்டிஷ் பெயர். ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் தனித்தனியானது. பொதுவான வரலாற்றைத்தான் சொல்ல முடியும். 1850-லும் 1860-லும் அமெரிக்கா அடிமைகளுக்கென்று தனிக் கணக்கெடுப்பு ஏடு வைத்திருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம். பெயர் இருக்காது. விடுதலைக்குப் பிறகு, 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். பலர் பழைய எஜமானின் பெயரையே வைத்துக்கொண்டார்கள், பிரிந்துபோன உறவுகள் தேடி வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று. சிலர் தாங்களே புதுப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தக் கணக்கு தீரவில்லை. மால்கம், லிட்டில் என்ற பெயரைத் தூக்கி எறிந்து எக்ஸ் என்று வைத்துக்கொண்டார். கேசியஸ் கிளே 1964-ல் முகமது அலி ஆனார். ஆல்தியாவும் ஜோஷும் பாபும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றினார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்குப் பின்னொட்டுப் பெயர் கிடையாது, அதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. வடக்கே போனால் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கல்லூரி விண்ணப்பம்வரை உன் சர்நேம் என்ன என்று கேட்டுக் குடைவார்கள். அப்பா பெயரைப் போட்டுச் சமாளிப்போம். அது தானாக வந்ததல்ல. ஈ.வெ.ரா. 1925 நவம்பரில் வகுப்புரிமைத் தீர்மானத்தை எடுக்க மறுத்ததற்காகக் காங்கிரசை விட்டு வெளியேறியது இந்தக் காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில்தான். 1927 டிசம்பரில் குடிஅரசு இதழில் அவர் பெயருக்குப் பின்னால் இருந்த நாயக்கர் மறைந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அன்றைக்கு நாமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம்தான். அண்ணாவின் ஆங்கில முதலெழுத்துகள் சி.என். என்பதில் முதலாவது காஞ்சிபுரம், அடுத்தது நடராசன். ஊரும் அப்பாவும். சாதி இல்லை.

பெரிய காரியம்தான். ஆனால் அந்தத் தீர்மானத்தைச் சேரியில் நின்று படித்துப் பாருங்கள். விடுவதற்குப் பட்டம் இருந்தவர்கள் விட்டார்கள். பட்டமே இல்லாதவர்கள் எதை விடுவது? மனுவின் சட்டம் இரண்டாம் அத்தியாயத்தில், சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயர் வைக்கச் சொல்கிறது. அதற்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று உங்கள் தாத்தா பாட்டியின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்.

அதனால்தான் நம் முன்னோடிகள் வேறு வழிகளில் போனார்கள். காத்தவராயன் என்ற இளைஞர் தன் ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-ல் பத்திரிகை ஆரம்பித்தபோது, எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே அதன் தலைப்பாக வைத்தார். பறையன். ஒருவர் பெயரை மாற்றினார், ஒருவர் வசவையே பெயராக உயர்த்திப் பிடித்தார். இரண்டு பேரும் பத்திரிகை நடத்தினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜோஷுக்கு பிட்ஸ்பர்க் கூரியர் எப்படியோ அப்படித்தான் நமக்கு அந்தத் தாள்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2021-ல் பாடப்புத்தகங்களில் தலைவர்கள், தமிழறிஞர்கள் பெயர்களிலிருந்த சாதி ஒட்டை எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அழிப்பது பாதி வேலைதான். பலகையிலிருந்து ஒரு சொல்லை அழிப்பதற்கு ஒரு நாள் போதும். எழுதப்படாமல் போன பெயரை எழுதுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த வேலையில் தமிழ்நாடு இன்னும் சோம்பலாக இருக்கிறது.

விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புளூ ஸ்டார் படத்தை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அரக்கோணம் நமக்குக் கூப்பிடு தூரம். அந்தக் கிரிக்கெட் கதைக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. பல்வங்கர் பாலு. சம்பார் சாதியில் பிறந்தவர். கொங்கணத்தில் பல்வன் என்ற ஊர்க்காரர்கள் என்பதால் பல்வங்கர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தைப் பெருக்கி, உருட்டி, வலை கட்டும் வேலை. ஓய்வு நேரத்தில் துரைகளுக்குப் பந்து வீசினார். ஆயிரக்கணக்கான பந்து வீசியிருப்பார். மட்டையை ஒரு நாளும் கையில் கொடுக்கவில்லை. பிறகு புனே இந்துக்கள் அணிக்கு அவர் தேவைப்பட்டார். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, மண் குவளையில் டீ.

1911-ல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்று வந்தது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய பாராட்டு நிகழ்வில் இளைஞர் அம்பேத்கரும் பங்கேற்றார். ஆனாலும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டல்தான் அந்த இடத்துக்கு வந்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அண்ணல் 13,245 வாக்கு, பாலு 11,225. தலைவர் பதவி கொடுக்காதவர்கள் தேர்தல் டிக்கெட் கொடுத்தார்கள், யாருக்கு எதிராகத் தேவைப்பட்டதோ அவருக்கு எதிராக. பாலு மீது எனக்குக் கோபம் இல்லை. ஆல்தியாவை ஆசியாவுக்கு அனுப்பிய அதே கணக்குதான் இது.

பாலுவின் பெயரில் இன்று எத்தனை மைதானம் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இனி இசைக்கருவி. கிப்சன் கிட்டாருக்கு ஈடாக நம்மிடம் ஒன்று உண்டென்றால் அது மிருதங்கம். பலாமரக் கட்டையைக் குடைந்து, பசு, ஆடு, எருமைத் தோல்களைப் பதம் பார்த்து வெட்டி, வார் பிடித்து இழுத்து, வலந்தலையில் கரணை போட்டு, சுருதிக்குக் கொண்டுவருகிற வேலை. தோலின் எந்தப் பகுதி எந்த நாதம் தரும் என்று விரல் நுனியில் தெரிந்தவர்கள் செய்வது. செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் என்று உலகம் கேட்ட நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்தின் கை இருந்தது. கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயர் இருக்கும், வயலின் இருக்கும், மிருதங்கம் வாசிப்பவர் இருப்பார். செய்தவர் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? பசுத்தோல் மேடை ஏறும், அதைப் பதப்படுத்தியவர் ஏற மாட்டார். பசுவைத் தெய்வம் என்கிறவர்களின் சபையில் இந்த முரண்பாடு ஒவ்வொரு மார்கழியிலும் தாளம் தப்பாமல் நடக்கிறது.

டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசி 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார், செபாஸ்டியன் அண்ட் சன்ஸ். வெளியீட்டுக்கு அரங்கம் கொடுப்பதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த பாடகர் எழுதினால்தான் நம் கைவினைஞர்களுக்குப் பெயர் கிடைக்குமா என்று சில தோழர்கள் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் நம்முடைய அடுத்த புத்தகமாக இருக்க வேண்டும், அது இன்னும் வரவில்லை.

கடைசியாக, இந்த ஊரின் கிப்சன். பட்டுச் சேலை.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. கடைக்காரர் தன் பெயரை அட்டைப்பெட்டியில், பையில், விளம்பரத்தில், நடிகையின் படத்துக்குக் கீழே போட்டுக்கொள்கிறார். நெய்தவர் பெயர்? கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் தறியில் உட்கார, மறுபக்கம் இன்னொருவர் நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. ஒரு காலத்தில் குழந்தைகள். இந்தக் கூட்டத்திலேயே அப்படி நாடா தள்ளி வளர்ந்தவர்கள் உண்டு. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை இரண்டு பேரின் உடம்பு அந்தச் சேலைக்குள் போகிறது. கூலி ஒரு கைக்குத்தான் வருகிறது. பெயர் இரண்டு கைக்கும் இல்லை. நெசவு என்றால் நெசவுச் சாதிகள் என்று எழுதிவிடுகிறார்கள். சுற்றுக் கிராமங்களுக்குப் போனால் எல்லாச் சாதி வீட்டிலும் தறி இருக்கிறது, சேரியிலும் இருக்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எல்லோர் கழுத்திலும் இருக்கிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்து ஏறுகிற பிள்ளைகள் எந்தத் தறியிலிருந்து எழுந்து போகிறார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

இங்கே ஒரு தோழர் மறுப்புச் சொல்வார், நானே சொல்லிவிடுகிறேன். பெயரைப் போட்டால் சாதி தெரிந்துவிடாதா? சேரியில் நெய்த சேலை என்று தெரிந்தால் முகூர்த்தத்துக்கு வாங்குவார்களா? இந்தப் பயம் கற்பனை அல்ல. சமையல்கூடத்தில் யார் சமைக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த ஊர்கள் இந்த மாநிலத்தில் உண்டு. அதனால் எல்லாச் சேலையிலும் கட்டாயமாகப் பெயர் குத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது வேறு. பெயர் போடுவதா வேண்டாமா, எந்தப் பெயரைப் போடுவது என்று முடிவு செய்யும் உரிமை நெய்தவருக்கு இருக்க வேண்டும். இன்று அந்த உரிமை கடைக்காரரிடம் இருக்கிறது. ஆர்வில் கிப்சனாவது தன் பெயரை 2,500 டாலருக்கு விற்றார். நம்மிடம் யாரும் விலை கூடப் பேசவில்லை.

எழுதி வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. டிஃபெண்டரும் கூரியரும் பெரிய லீக்கின் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அந்தந்த வார ஆட்டத்தை அந்தந்த வாரம் அச்சிட்டார்கள். நம் வட்டத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர், மறுபக்கம் நாடா தள்ளியவர், எந்த வருடம் முதல் எந்த வருடம்வரை, எந்த மாதிரி வேலை, என்ன கூலி, பெயரை வெளியிடலாமா கூடாதா. இந்த ஆறு கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து வந்திருக்கிறேன், பின்வரிசையில் கொடுக்கிறார்கள். கூடாது என்பவர்களின் பெயரைத் தனி நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். விருப்பம் மாறினால் அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறோம். பாவு போடுகிறவர்கள் வெயில் ஏறுமுன் தெருவில் இருப்பார்கள், அவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். மறக்காமல் வீட்டுப் பெண்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். இன்னார் மனைவி என்று எழுதிக்கொண்டு வராதீர்கள்.